கோன்செட்டை மூன்றாம் முறை டைட் பண்ணாதீர்கள்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு ஊர் நாகர்கோவில், வேலை திருநெல்வேலியில். வாரத்துக்கு இரண்டு தடவை 350 சிசி வண்டியில் போய் வருகிறேன். எட்டு வருஷ வண்டி. 62,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆறு மாதமாக ஒரு தொல்லை. 70-இல் போகும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால், வேகம் 60-க்கு இறங்குகிற இடத்தில் ஹேண்டில்பார் படபடவென்று ஆடுகிறது. ஒரு கையை எடுத்தால் இன்னும் மோசம். 90-க்கு மேல் நீளமான வளைவில் வண்டி மொத்தமும் நெளிகிறது. மெக்கானிக் இரண்டு தடவை கோன்செட்டை, அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்தில் உள்ள குண்டு பேரிங்கை, டைட் பண்ணிக் கொடுத்தார். ஆட்டம் பாதி குறைந்தது. ஆனால் இப்போது வடசேரி சந்தைப் பக்கம் மெதுவாகப் போனால் வண்டி குடித்தவன் மாதிரி அலைகிறது. நடுவில் நான் செய்த மாற்றங்கள்: பின்னால் 110-க்குப் பதில் 130 டயர், டாப் பாக்ஸ், ஹேண்டிலில் மாட்டுகிற பெரிய விண்ட்ஷீல்ட். ஹேண்டில் ஆட்டத்தை அடக்குகிற ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். பின்னால் ஒரு அங்குலம் உயரமான ஷாக் அப்சார்பரும் விலை பேசி வைத்திருக்கிறேன். எதை முதலில் வாங்கட்டும்? என் மனைவி பின்னால் உட்காரவே பயப்படுகிறாள்.

பதில்:

தம்பி, இரண்டையும் வாங்க வேண்டாம். கை பரபரத்தால் டயர் காற்று அளக்கிற நல்ல மானி ஒன்றும், கொத்தனார் கட்டுகிற நைலான் நூல் ஒரு சுருளும், ஒரு இருபது பக்க நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஒரு வாரத்துக்கு அது போதும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரே நோய் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று நோய் இருக்கிறது. 60-இல் ஹேண்டில் படபடப்பது ஒன்று. 90-இல் வண்டி நெளிவது வேறொன்று. சந்தைக்குள் அலைவது மூன்றாவது. அது உங்கள் மெக்கானிக் புதிதாகக் கொடுத்தது. அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம் ஒரு வாத்தியாருடைய வண்டிக்கு இதையேதான் செய்தேன். ஹேண்டில் ஆடுது என்றார், கோன்செட்டை ஒரு சுற்று முறுக்கி அனுப்பினேன். நான்காம் நாள் முழங்கையில் கட்டோடு வந்து நின்றார். சமாதானபுரம் முக்கில் ஒரு ஆட்டோவுக்கு வழிவிட்டு மெதுவாக ஒடித்தபோது வண்டி திரும்பியது, ஆனால் நேராக நிமிரவில்லையாம். அவர் சத்தம்கூடப் போடவில்லை. "நல்லா டைட்டா இருக்குப்பா" என்று மட்டும் சொன்னார்.

முதலில் படபடப்பைப் பார்ப்போம். முன் சக்கரம், அதை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற ஃபோர்க், ஹேண்டில் மூன்றும் சேர்ந்து கோன்செட்டை மையமாக வைத்து இடதும் வலதுமாக நொடிக்கு ஏழெட்டு முறை ஆடுவது இது. கண்ணால் எண்ண முடியாது, கைக்குத் தெரியும். உங்கள் வண்டியின் 19 அங்குல முன் சக்கரத்துக்கு டயரோடு சேர்த்துச் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குப் பதினாறரை மீட்டர். அதாவது சக்கரம் நொடிக்கு எட்டு சுற்றுக்குச் சற்று மேலே சுற்றுகிறது. இப்போது சேர்த்துப் பாருங்கள்: ஸ்டீயரிங் தன்னியல்பாக ஆட விரும்புகிற கணக்கும், சக்கரம் சுற்றுகிற கணக்கும் அந்த வேகத்தில் ஒன்றாகிவிடுகின்றன. டயரில் ஒரு இடம் மேடாகவோ கனமாகவோ இருந்தால், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு தட்டும். தூளியை அது வந்துபோகிற கணக்கு பார்த்து ஒரு விரலால் தள்ளினாலே எவ்வளவு தூரம் போகிறது? அதே சங்கதிதான். 50-இல் இல்லை, 80-இல் இல்லை, 60-இல் மட்டும் வருகிறது என்றால் முன் டயரையும் ரிம்மையும் சந்தேகப்படு என்று அர்த்தம்.

ஆக்ஸிலேட்டரை விட்டால் ஏன் வருகிறது? பாரம் முன்பக்கம் சாய்கிறது, முன் டயருக்குச் சுமை கூடுகிறது. ஒரு கையை எடுத்தால் ஏன் கூடுகிறது? உங்கள் இரண்டு கைகளும்தான் இவ்வளவு நாள் டேம்பர் வேலை பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு கையையும் விட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்று சோதிக்கத் தோன்றும். தோன்றினால் அன்றைக்கு பஸ்ஸில் போங்கள்.

90-இல் வருகிற நெளிவு இதற்கு நேர்மாறான சுபாவம் உள்ளது. நொடிக்கு இரண்டு மூன்று முறைதான். நிதானமாக, வண்டியின் முதுகெலும்பே வளைகிற மாதிரி, பின்பக்கமும் சேர்ந்து ஆடும். ராபின் ஷார்ப் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1971-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இரண்டு ஆட்டத்தையும் கணக்குப் போட்டுப் பிரித்துக் காட்டினார். படபடப்புக்கு வாபிள், நெளிவுக்கு வீவ் என்று பெயர். அந்த ஆய்வில் உங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தால் வாபிள் அடங்கும், ஆனால் வீவ் மோசமாகும். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. டேம்பரை மாட்டினால் 60-இல் கை சும்மா இருக்கும். 90-இல் வளைவில் வண்டி இன்னும் அதிகமாக நெளியும். 60-இல் ஆடுவது பயமுறுத்தும், 90-இல் நெளிவது ஆளைக் கொல்லும். அதனால்தான் டேம்பர் வேண்டாம் என்று எடுத்தவுடன் சொன்னேன். கோன்செட்டை இறுக்கியதும் ஒருவகையில் ஓசி டேம்பர்தான். நெளிவு முன்பைவிடக் கூடியிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். கூடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு நிபந்தனை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். மாற்றியதை நோட்டில் எழுதி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டி, என்ன ஆனது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். உங்களுக்குச் சாலை வசதி இருக்கிறது: காவல்கிணறு தாண்டினால் நாலுவழிச் சாலை, வள்ளியூர் வரை. காலை ஆறு மணிக்குக் காற்று எழும்புவதற்கு முன் போங்கள். நான்கு பாகத்தை ஒரே நாளில் மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று வருகிறவர்கள், மறுபடி வரும்போது எதனால் சரியானது என்று தெரியாமல் நிற்பார்கள்.

முதல் நாள் வேலை கழற்றுவது: டாப் பாக்ஸையும் விண்ட்ஷீல்டையும் எடுத்து வீட்டில் வையுங்கள். செலவே இல்லாத சோதனை. பாக்ஸில் 15 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நடுப்புள்ளி பின் ஆக்ஸிலுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். அப்போது பின் சக்கரத்துக்கு 15 கிலோ ஏறுவதில்லை, 18 ஏறுகிறது. மிச்ச மூன்றும் முன் சக்கரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டது. மூன்று கிலோ என்ன பெரிய காரியம் என்று தோன்றும். எடையைவிட அது இருக்கிற இடம்தான் தொல்லை. நீளக் கம்பின் நுனியில் கல்லைக் கட்டி ஆட்டினால் நிறுத்துவது கஷ்டம் இல்லையா, வண்டியின் வாலில் தொங்குகிற பாக்ஸும் அப்படித்தான் நெளிவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. விண்ட்ஷீல்ட் ஹேண்டிலிலேயே மாட்டியிருப்பதால் அதன் மேல் படுகிற காற்றெல்லாம் நேராக ஸ்டீயரிங்குக்குப் போகிறது. முப்பந்தலில் காற்றாலைக் காற்றாடிகளுக்கு நடுவே போகும்போது, குறிப்பாக ஆனி ஆடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அந்தக் கண்ணாடியைப் பிடித்துத் திருப்பியிருக்கும். இவை இரண்டும் இல்லாமல் 90-இல் ஒரு ஓட்டம் ஓட்டி எழுதிக்கொள்ளுங்கள். நெளிவு பாதியாகக் குறைந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்தது டயர். இதைத்தான் எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வேன். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, சொந்த மானியில் காற்று அளக்க வேண்டும். பெட்ரோல் பங்கு மானிகள் ஒன்றுக்கொன்று நாலைந்து பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். முன் டயரில் அவ்வளவு குறைந்தாலே படபடப்பு வரப் போதும். அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, செயின் கவரிலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராகவும் இருக்கும். தனியாகப் போனால் ஒன்று, இரண்டு பேர் என்றால் பின் டயருக்கு வேறொன்று. அப்புறம் முன் டயரின் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் மெதுவாக ஓட்டுங்கள், பிறகு எதிர்த்திசையில். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் ரம்பம் மாதிரி உறைத்தால் டயரின் பட்டன் கட்டைகள் சாய்ந்து தேய்ந்திருக்கின்றன. 60-இல் ஆடுவதற்கு அதுவே முழுக் காரணமாக இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம் செய்தது. எட்டு வருஷ வண்டியில் வரும்போதே வந்த முன் டயர் இன்னும் ஓடுகிறது என்றால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் செத்துப்போயிருக்கும். மாற்றிவிடுங்கள்.

சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கில் ஒரு பேனாவை வைத்து அதன் முனையை ரிம்முக்குக் கிட்டே கொண்டுபோங்கள். ரிம் இடவலமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் ஸ்போக்ஸ் வேலை இருக்கிறது. சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டுங்கள். நல்லது "டிங்" என்னும், தளர்ந்தது "டொக்" என்னும். காது இருந்தால் போதும். ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். சுற்றிலும் ரிம்முக்கு ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே மறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பஞ்சர் ஒட்டியபின் ஆட்டம் ஆரம்பித்தது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான்.

அந்த 130 டயர். தம்பி, அது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் ரிம் 110-க்காகச் செய்த சன்னமான ரிம். 130 அகலத்துக்கு ஏறக்குறைய மூன்று அங்குல ரிம் வேண்டும். சன்ன ரிம்மில் மாட்டினால் டயரின் இரண்டு கன்னமும் உள்ளே நசுங்கி, தரையில் படுகிற முகம் கூராகிவிடும். நேரே போகும்போது நடுவில் ஒரு கோடு மட்டும் தரையில். சாய்த்தால் பொசுக்கென்று விழுகிற மாதிரி சாயும். பக்கச் சுவர்கள் வேறு தளதளவென்று ஆடும். வளைவில் நெளிவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு செய்ய முடியாது. 110-க்கே திரும்புங்கள். இந்தக் கடிதத்தில் செலவு பண்ணச் சொல்கிற இரண்டு மூன்று இடங்களில் இது ஒன்று.

இனி பின்பக்கம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் டயரை மேலும் கீழுமாக இல்லை, பக்கவாட்டில் பிடித்து இழுத்துத் தள்ளுங்கள். "டக்" என்று ஒரு சின்ன ஆட்டம் வந்தால், அது வீல் பேரிங்கா, ஸ்விங் ஆர்ம் சேஸிஸில் மாட்டுகிற இடத்துப் புஷ்ஷா என்று பார்க்க வேண்டும். ஒரு கையை ஸ்விங் ஆர்மும் சேஸிஸும் சேர்கிற இடத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு ஆளை ஆட்டச் சொன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். 62,000 கிலோமீட்டரில் புஷ் தேய்ந்திருப்பது சாதாரணம். புஷ் மட்டத்தில் தலைமுடி அளவு ஆட்டம், டயர் மட்டத்தில் சில மில்லிமீட்டராகப் பெருகும். அதாவது உங்கள் பின் சக்கரம் வளைவில் தன் இஷ்டத்துக்குத் திரும்புகிறது. முன்னால் நீங்கள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஷாக் அப்சார்பரில் இரண்டு வேலை உண்டு. ஸ்பிரிங் சுமையைத் தாங்கும், உள்ளே இருக்கிற ஆயில் ஆட்டத்தை அடக்கும். சீட்டின் பின்பகுதியில் முழு பலத்தோடு அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் சரி. இரண்டு மூன்று தடவை குதித்தால் ஆயில் வேலை செய்யவில்லை. கம்பியில் எண்ணெய்க் கசிவும் இருக்கும். அப்படியானால் ஜோடியாக மாற்றுங்கள், வண்டிக்கு உரிய அதே நீளத்தில். ஷாக் அப்சார்பரின் கீழே ஸ்பிரிங்கை அழுத்துகிற வளையத்தின் படியை ஏற்றி இதைச் சரிசெய்ய முடியாது. படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று நிறைய மெக்கானிக்குகளே நம்புகிறார்கள். கெட்டியாகாது. வண்டியின் பின்பக்கம் நிற்கிற உயரம் மட்டும்தான் மாறும்.

எந்தப் படியில் வைப்பது என்பதை ஊகத்தில் வைக்காதீர்கள், அளந்து வையுங்கள். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது, ஆக்ஸில் நடுவிலிருந்து நேர் மேலே சீட் கம்பியில் ஒரு குறிக்கு டேப் பிடியுங்கள். 520 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நீங்கள் எப்போதும் போடுகிற ஹெல்மெட், பையோடு ஏறி, கால் இரண்டையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்காருங்கள். ஒரு ஆள் முன்னால் வண்டியைப் பிடிக்கட்டும், இன்னொரு ஆள் அதே இடத்தை அளக்கட்டும். 495 வந்தால் இறக்கம் 25. இந்த வகை வண்டியில் பின் சக்கரத்தின் மொத்த ஓட்டம் 80 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அதில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 முதல் 27 வரை இறங்கினால் சரி. 35, 40 என்று வந்தால் வண்டி வால் தாழ்ந்து, முன்பக்கம் லேசாகி ஓடிக்கொண்டிருக்கிறது, படியை ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது முக்கியம். ஒரு பக்கம் இரண்டாம் படி, மறுபக்கம் நாலாம் படி என்று வருஷக்கணக்காக ஓட்டிய ஆளை எனக்குத் தெரியும். அவரோ பிரச்சினை சாலையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

முன்பக்கமும் இதே மாதிரி அளக்கலாம். ஃபோர்க்கின் ஓட்டம் 130 மில்லிமீட்டர் என்றால், நீங்கள் உட்கார்ந்தபின் 35 முதல் 40 வரை இறங்கலாம். ஒரு தடவை ஃபோர்க்கை அழுத்தி மெதுவாக விட்டு அளந்து, இன்னொரு தடவை தூக்கி மெதுவாக விட்டு அளந்து, இரண்டுக்கும் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் சீல் பிடிப்பதால் ஒரே அளவு வராது. அந்த இரண்டுக்கும் 20 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் அதுவே ஒரு சேதி: ஃபோர்க் வழுக்கி இறங்கவில்லை, உரசி இறங்குகிறது. உங்கள் கடிதத்தில் ஃபோர்க் ஆயில் மாற்றியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எட்டு வருஷமாக மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். வடித்தால் சாம்பல் நிறத்தில் கழுநீர் மாதிரி வரும். புத்தகத்தில் சொன்ன கனத்தில், சொன்ன அளவில், இரண்டு காலிலும் ஒரே மட்டமாக ஊற்ற வேண்டும். மிஞ்சிய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். முன் சக்கரத்தை மாட்டும்போது ஒரு வரிசை உண்டு: ஆக்ஸிலை டைட் பண்ணி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து தடவை அழுத்தி விட்டு, அப்புறம்தான் ஃபோர்க் அடியில் ஆக்ஸிலைப் பிடிக்கிற போல்ட்டை டைட் பண்ண வேண்டும். அவசரத்தில் மாற்றிச் செய்தால் இரண்டு காலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

கொத்தனார் நூல் இங்கே வருகிறது. செயின் அட்ஜஸ்டரில் இருக்கிற கோடுகளை நம்பாதீர்கள். அவை சக்கரம் நேராக இருப்பதற்குச் சாட்சி கிடையாது. வண்டியை நேராக நிறுத்தி, பின் டயரின் பின்பக்கம் நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முன்னால் இழுத்துப் பிடியுங்கள். பின் டயரின் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் நூல் ஒருசேரத் தொட வேண்டும். முன் டயர் சன்னமாக இருப்பதால் இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும். அந்த இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றன. இல்லையென்றால் அட்ஜஸ்டரைத் திருகிச் சமமாக்கி, புது இடத்தில் நீங்களே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். என்ன திருகினாலும் சமமாகவில்லை என்றால், வண்டி எப்போதாவது விழுந்ததா என்று யோசியுங்கள். ஃபோர்க் திருகியிருக்கலாம், அது வேறு வேலை.

இவ்வளவும் ஆனபின் கோன்செட். முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்துங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோங்கள். நேர் நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி இருக்கிறதா? உங்கள் வண்டியில் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் போகிறது. கிரீஸ் காய்ந்துபோன பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே இருக்கிற குண்டுகள் கிண்ணத்தின் அதே இடத்தில் இடித்து இடித்துக் குழி போட்டுவிடுகின்றன. குழி விழுந்த கிண்ணத்தை லூசாக வைத்தால் குண்டு கடகடக்கும், ஹேண்டில் படபடக்கும். டைட் பண்ணினால் குண்டு குழிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரு சக்கர வண்டி நிற்பதே ஹேண்டில் தானாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நூலளவு திரும்பித் திரும்பிச் சமாளிப்பதால்தான். மெதுவாகப் போகும்போது அந்தத் திருத்தம் ரொம்பவும் வேண்டும். அதைப் பூட்டிவிட்டால் வண்டி சாய்ந்தபின் நீங்கள் திருப்ப வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகத் திருப்புகிறீர்கள், மறுபக்கம் சாய்கிறது. வடசேரி சந்தையில் நடப்பது அதுதான்.

ஆகவே டைட்டும் வேண்டாம் லூசும் வேண்டாம், செட்டையே மாற்றுங்கள். மேலும் கீழும் சேர்த்து முழு செட். சில நூறு ரூபாய்க்கு முடிகிற சாமான். வேலைதான் பொறுமை கேட்கும். கிண்ணம் கோணாமல் கடைசி வரை இறங்க வேண்டும், கிரீஸ் தாராளமாக வேண்டும். கொஞ்சம் இறுக்கி, ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி பத்து தடவை திருப்பி உட்கார வைத்து, தளர்த்தி, பிறகு ஆட்டம் மறைகிற இடம் வரை மட்டும் இறுக்க வேண்டும். அதன்பின் மேல் நட்டை டைட் பண்ணும்போது இறுக்கம் இன்னும் கொஞ்சம் கூடும். அதனால் கடைசியாக ஒருமுறை சோதிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஃபோர்க்கின் அடியை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கூடாது. ஹேண்டிலை நேராக வைத்து லேசாகத் தட்டினால், அதுவே தன் எடையில் கோடி வரை போய் விழ வேண்டும், இரண்டு பக்கமும். நடுவில் நின்றால் டைட். கிளட்ச் கேபிள் இழுத்துப் பிடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், சில சமயம் குற்றவாளி அதுவாக இருக்கும். புது செட் 500 கிலோமீட்டரில் கொஞ்சம் அமரும். அப்போது மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உயரமான ஷாக் அப்சார்பர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பின்னால் ஒரு அங்குலம் தூக்கினால் முன் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிரும். ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தான் முன் டயர் தரையைத் தொடுகிற இடம், ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடுகிற இடத்துக்குப் பின்னால் விழுகிறது. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரம் தள்ளுகிற பக்கம் தானாகத் திரும்பி நேராவதும் இந்த இடைவெளியால்தான். உங்கள் வண்டியில் அது பத்து சென்டிமீட்டர் போல இருக்கும். ஒரு டிகிரி நிமிர்த்தினால் அதில் ஏழு மில்லிமீட்டர் அளவு போய்விடும். பந்தயத்தில் சுறுசுறுப்பு வேண்டும் என்பவன் வேண்டுமென்றே அப்படிச் செய்வான். ஏற்கனவே ஆடுகிற வண்டியில் நேராக நிற்கும் புத்தியைக் குறைப்பானேன்? முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கிடைக்கிறதா பாருங்கள்.

இதெல்லாம் முடிவதற்குள் சாலையில் மறுபடி ஆட ஆரம்பித்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஹேண்டிலை நெரித்துப் பிடிக்கத் தோன்றும், முன் பிரேக்கை அழுத்தத் தோன்றும். இரண்டும் கூடாது. முழங்காலால் டேங்க்கை இறுக்கிப் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, கையைத் தளர்வாக வைத்து, ஆக்ஸிலேட்டரை மெல்ல மெல்ல விடுங்கள். உங்கள் வண்டிக்கு 60-தான் கெட்ட வேகம் என்பதால் அதைக் கடக்கும்போது ஒரு நிமிஷம்போலத் தோன்றுகிற இரண்டு விநாடி இருக்கும். கடந்துவிடும். எல்லாம் சரியாகும் வரை, அந்தச் சோதனை ஓட்டம் தவிர 80-க்கு மேல் போக வேண்டாம், பாக்ஸும் கண்ணாடியும் வீட்டிலேயே இருக்கட்டும்.

முப்பந்தலில் வண்டி காற்றுப் பக்கம் சாய்ந்தே ஓடுவதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். பக்கக் காற்றில் எல்லா வண்டியும் அப்படித்தான் ஓடும். சாய்வது நோய் கிடையாது, சாய்ந்த நிலையில் ஹேண்டில் படபடத்தால்தான் கேள்வி.

உங்கள் வீட்டம்மா விஷயம். எல்லாம் மாற்றி, நீங்கள் தனியாக வள்ளியூர் வரை இரண்டு தடவை போய்வந்து நோட்டில் "ஆட்டம் இல்லை" என்று எழுதிய பிறகு கூப்பிடுங்கள். அவர் ஏறுவதற்கு முன் பின் ஷாக் அப்சார்பரை இரண்டு பக்கமும் இரண்டு படி ஏற்றி, பின் டயர் காற்றை இரண்டு பேருக்கான அளவுக்கு வைத்து, அவரையும் உட்காரவைத்து அந்த டேப் அளவை இன்னொரு தடவை எடுங்கள். டேப்பைப் பிடிக்க வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சுசீந்திரம் வரை போய்வந்தால் போதும், திருநெல்வேலி அப்புறம் பார்க்கலாம்.